ஸ்டியரிங் ஆட்டத்தை அளந்து எழுத வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலைச்சாலையில் லாரி கவிழ்ந்தாலோ ஜீப் பள்ளத்தில் பாய்ந்தாலோ, ஓட்டுநரின் கட்டுப்பாட்டை இழந்து வாகனம் விபத்துக்குள்ளானது என்று நாளிதழ்கள் எழுதுகின்றன. ஓட்டுநர் கண் அயர்ந்தாரா, மது அருந்தியிருந்தாரா, வேகமாக வந்தாரா என்பதெல்லாம் மறுநாள் செய்தியிலும் தொடர்கின்றன. முன் அச்சில் எந்த மூட்டு விலகியது, அப்படி விலகுவதற்கு முன் அந்த வாகனம் அதே குறைக்காக எத்தனை முறை பட்டறைக்குப் போய் வந்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. விபத்தில் சிக்கிய வாகனத்தை ஆய்வு செய்ய மோட்டார் வாகனச் சட்டத்தின் 136ஆம் பிரிவு வழி செய்திருக்கிறது என்றாலும், இயந்திரக் கோளாறு உண்டா இல்லையா என்ற கேள்விக்கு ஒற்றை வரியில் பதில் எழுதுவதோடு அந்த ஆய்வு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் முன் அச்சு வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், பழைய லாரிகளிலும் ஜீப்புகளிலும் எஸ்.யூ.வி. வாகனங்களிலும் ஸ்டியரிங் கோளாறு ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்பதையும், அதற்கு அரசு என்ன செய்யலாம் என்பதையும் தங்கள் நாளிதழ் வழியே சொல்ல விரும்புகிறேன்.

லாரியின் ஸ்டியரிங் சக்கரத்துக்கும் முன் டயருக்கும் இடையில் பத்துக்கு மேற்பட்ட மூட்டுகள் இருக்கின்றன. ஸ்டியரிங் தண்டிலுள்ள யுனிவர்சல் ஜாயிண்ட், ஸ்டியரிங் பாக்ஸ், அதிலிருந்து தொங்கும் டிராப் ஆர்ம், அதைச் சக்கரத்தோடு இணைக்கும் டிராக் லிங்கின் இரண்டு முனைகள், இரு சக்கரங்களையும் சேர்த்துப் பிடிக்கும் டை ராடின் இரண்டு முனைகள், இரு பக்கமும் முன் சக்கரம் திரும்புவதற்கான அச்சாணியான கிங் பின்கள், ஒவ்வொரு கிங் பின்னுக்கும் மேலும் கீழும் புஷ் எனும் குழல்கள், கடைசியாக வீல் பேரிங்குகள் என்று அந்த வரிசை நீள்கிறது. ஒவ்வொன்றிலும் அரை மில்லிமீட்டர் தேய்ந்திருந்தால், தனித்தனியாக அசைத்துப் பார்க்கும் மெக்கானிக்குக் குறை சொல்லும்படி எதுவும் தெரியாது. அவ்வளவும் ஒன்றுசேர்ந்து ஓட்டுநரின் கையில் ஆட்டமாக வந்து நிற்கும்போதுதான் "வண்டி அலையுது" என்று அவர் சொல்கிறார். இப்படி மொத்தமாகச் சேர்ந்த தேய்மானத்தை ஒரே ஒரு பாகத்தின் குறையாக எண்ணி அதை மட்டும் மாற்றுவதில்தான் தொல்லை தொடங்குகிறது.

வழக்கமாக நடப்பது இதுதான். எளிதில் கழற்றக்கூடியது டை ராட் எண்டு, அதாவது டை ராடின் முனை மூட்டு, என்பதால் அது முதலில் மாற்றப்படும். புதிய எண்டு போட்டதும் சக்கரங்களின் கோணம் மாறிவிடுவதால் வீல் அலைன்மெண்ட் பார்க்கப்படும். கிங் பின் புஷ் தேய்ந்திருக்கும் வண்டியில் சக்கரம் எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறதோ அதைப் பொறுத்து அளவு மாறும் என்பதால், காலையில் பார்த்த அலைன்மெண்ட் மாலையில் இருக்காது. சில வாரங்களில் முன் டயர் ஓரம் தேய்ந்து நடுக்கம் வந்ததும், அந்த டயரைப் பின்னால் போட்டுவிட்டுப் பின் டயரை முன்னால் கொண்டுவருவார்கள். நடுக்கம் அப்போதைக்கு அடங்கிவிடும். உரிமையாளரும் பழுது நீங்கியது என்று பணத்தைக் கொடுத்துவிடுவார். புதிதாக முன்னால் வந்த டயரும் அதே மாதிரி தேய்ந்ததும் வண்டி மறுபடி பட்டறை வாசலில் நிற்கும். ஒரு ஜோடி முன் டயரின் விலையோடு ஒப்பிட்டால் கிங் பின் புஷ் செட்டின் விலை மிகச் சிறியது. ஆனால் அந்த வேலைக்கு அச்சைத் தூக்கி, சக்கரத்தையும் டிரம்மையும் கழற்றி, இறுகிப்போன பின்னை அடித்து இறக்கி, புதிய புஷ்களைப் பொருத்தி, மேல் கீழ் இரண்டும் ஒரே நேர்க்கோட்டில் வரும்படி ரீமர் போட்டுத் துளையைச் சீவ வேண்டும் என்பதால் வண்டி ஒன்றிரண்டு நாள் நிற்கும். லாரித் தொழிலில் வண்டி நிற்பதைத்தான் யாராலும் தாங்க முடிவதில்லை.

இதைவிட ஆபத்தானது ஸ்டியரிங் பாக்ஸின் மேலுள்ள திருகை முறுக்குவது. வாகனம் பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் பாக்ஸினுள் பற்கள் நடுப்பகுதியில்தான் அதிகம் தேய்கின்றன, ஓரங்களில் தேய்வதில்லை. நடுவில் உள்ள ஆட்டத்தைப் போக்குவதற்காகத் திருகை அளவுக்கு மேல் இறுக்கினால், தேயாத ஓரப் பகுதிக்கு வரும்போது பற்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். நேர்ச்சாலையில் இதன் கேடு சரியாகத் தெரியாது. ஸ்டியரிங் கெட்டியாகிவிட்டது என்று ஓட்டுநர் மகிழவும் கூடும். 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலையிலோ 17 வளைவுகள் கொண்ட போடிமெட்டுச் சாலையிலோ முழுக்க ஒடித்துத் திருப்பிய பிறகு, தானாக நேருக்குத் திரும்பி வர வேண்டிய ஸ்டியரிங் வராமல் நின்றுவிடும்போதுதான் அது புரியும். எதிரே வண்டி வரும் நேரத்தில் கையால் இழுத்து நேராக்க வேண்டிய நிலைக்கு ஓட்டுநரைத் தள்ளும் இந்த வேலைக்குப் பட்டறையில் ஒரு ஸ்பானரும் ஐந்து நிமிடமும் போதும். டிராப் ஆர்மைக் கழற்றி மாட்டும்போது குறி பார்க்காமல் ஒரு பல் தள்ளிப் பொருத்திவிடுவதும் இதே வகைத் தவறுதான். சக்கரம் நேராக இருக்கும்போது பாக்ஸ் நடுவில் இல்லாததால் ஆட்டம் கூடும். ஒரு பக்கம் திரும்பும் அளவுக்கு மறுபக்கம் திரும்பவும் செய்யாது. பழைய உதிரிபாகச் சந்தையிலிருந்து வேறொரு வண்டியின் பாக்ஸை வாங்கிப் போடும்போது இது இன்னும் எளிதில் நேர்கிறது.

கிரீஸ் அடிப்பதிலும் அக்கறை வேண்டும். சக்கரம் தரையில் இருக்கும்போது அந்தச் சக்கரத்தின் மேல் வரும் எடை முழுவதும் கிங் பின்னின் அடியிலுள்ள திரஸ்ட் பேரிங்கை அழுத்துவதால், எவ்வளவு அடித்தாலும் கிரீஸ் அங்கே போய்ச் சேராமல் வேறு வழியில் வெளியே வந்துவிடும். அச்சை ஜாக்கியால் தூக்கி, சக்கரத்தை இடமும் வலமும் திருப்பிக்கொண்டே அடித்தால்தான் அது போக வேண்டிய இடத்துக்குப் போகும். கிரீஸ் அடிக்கும் துளையான நிப்பிளைச் சுற்றி கிரீஸ் வழிவதைப் பார்த்துவிட்டு வேலை முடிந்தது என்று நம்பும் வழக்கத்தால் எத்தனையோ கிங் பின்கள் வறண்டு தேய்கின்றன. வாட்டர் சர்வீஸில் அழுத்தமாக அடிக்கும் நீர், கிழிந்த ரப்பர் உறை வழியாகப் பந்துமூட்டுக்குள் புகுந்து கிரீஸைக் கழுவிவிட்டுத் துருவை விட்டுச்செல்கிறது. கழுவிய பிறகு வண்டிக்கு அடியில் டீசலோ கழிவு ஆயிலோ தெளிக்கும் பழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. துருப்பிடிக்காது என்று நினைத்துச் செய்யும் அந்த வேலை ரப்பர் புஷ்களையும் உறைகளையும் ஊதிப்போகச் செய்து, மூட்டுகளின் ஆயுளைத்தான் குறைக்கிறது.

குறை ஸ்டியரிங்கில் இல்லாமல் ஸ்பிரிங் பட்டையில் இருப்பதும் உண்டு. கூடுதல் பாரம் ஏற்றுவதற்காகப் பின்பக்கம் பட்டை சேர்த்த லாரி, லோடு இல்லாதபோது பின்னால் உயர்ந்து நிற்கும். அப்போது கிங் பின்னின் மேல்முனை பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் பின்சாய்வு குறைந்து, வண்டியைத் தானாக நேராக ஓடச் செய்யும் தன்மை போய்விடும். பட்டையை அச்சோடு பிணைக்கும் யூ போல்ட் தளர்ந்து பட்டையின் சென்டர் போல்ட் அறுந்தால், அச்சு ஒரு பக்கம் சற்றே பின்வாங்கி வண்டி அந்தப் பக்கமே இழுக்கும். இதற்கும் அலைன்மெண்ட் பார்த்து அனுப்பிவிடும் பட்டறைகள் இருக்கின்றன.

முன்பக்கம் இரு சக்கரங்களையும் ஒரே தண்டாக இணைக்கும் கெட்டி அச்சு கொண்ட பழைய மகிந்திரா ஜீப்புகளையும் மாருதி ஜிப்சிகளையும் ஓட்டியவர்களுக்கு வேறொரு அனுபவம் தெரிந்திருக்கும். ஓரளவு வேகத்தில் போகும்போது ஒரு சிறு பள்ளத்தில் விழுந்து எழுந்ததும் இரு முன் சக்கரங்களும் சேர்ந்து வெறிபிடித்தாற்போல் இடமும் வலமும் அடித்துக்கொள்ளும். வேகத்தை ஏறக்குறைய நிற்கும் அளவுக்குக் குறைத்தால்தான் அடங்கும். தேய்ந்த கிங் பின் பேரிங், தளர்ந்த ஸ்டியரிங் பாக்ஸ் போல்ட், சமநிலை இல்லாத டயர், குறைந்த பின்சாய்வு ஆகியவற்றில் இரண்டு மூன்று சேர்ந்தாலே இது வரும். இதற்கு ஸ்டியரிங் டேம்பர் வாங்கிப் போட்டுச் சரிசெய்துவிட்டதாகச் சொல்கிறார்கள். டேம்பர் என்பது அதிர்வை விழுங்கும் ஒரு ஷாக் அப்சார்பர், அவ்வளவே. தேய்ந்த பாகத்தை அது தேயாததாக ஆக்குவதில்லை. அமெரிக்காவில் 2018 மாடலாக வெளிவந்த புதிய தலைமுறை ஜீப் ரேங்லரிலேயே இந்த நடுக்கம் பற்றிப் புகார்கள் எழுந்து, 2019இல் அந்நிறுவனம் டேம்பரை மாற்றித்தர வேண்டி வந்தது என்பதால், கெட்டி அச்சின் இயல்பிலேயே இந்த நடுக்கத்துக்கு இடமிருக்கிறது என்பது விளங்கும். அப்படியிருக்க, இருபது ஆண்டு ஓடிய ஜீப்பில் அழகுக்காக அகலமான டயரும், சக்கரத்தை வெளியே தள்ளும் ஸ்பேசரும் போட்டு உயரத்தையும் கூட்டுவது, தேய்ந்துகொண்டிருக்கும் பேரிங்குகளின் மேல் இன்னும் சுமையை ஏற்றுவதே ஆகும். உற்பத்தியாளரின் வடிவமைப்பை அப்படி மாற்றுவதைச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் தடுக்கிறது. சுமோ, ஸ்கார்ப்பியோ போன்றவற்றில் முன் சக்கரங்கள் தனித்தனியாகத் தொங்குவதால் இந்த நடுக்கம் இவ்வளவு கடுமையாக வராது. ஆனால் அவற்றில் பந்துமூட்டுகளும், சக்கரத்தைத் தாங்கும் கண்ட்ரோல் ஆர்ம்களின் புஷ்களும் கூடுதலாக இருப்பதால் பார்க்க வேண்டிய இடங்களும் கூடுதல்.

பவர் ஸ்டியரிங் வந்த பிறகு ஓட்டுநரின் தோள்வலி குறைந்தது என்பதில் ஐயமில்லை. அதே நேரத்தில், மூட்டுகள் தேயும்போது முன்பு கைக்கு நேரடியாகத் தெரிந்துகொண்டிருந்த அதிர்ச்சியை இப்போது ஆயில் அழுத்தம் விழுங்கிவிடுகிறது. பம்ப் முனகினாலும் ஆயில் குறைந்தாலும் கையில் கிடைத்ததை ஊற்றுகிறார்கள். பிரேக் ஆயிலை ஊற்றினால் உள்ளிருக்கும் சீல்கள் கெட்டு, கசிவு இன்னும் கூடும். இறக்கத்தில் டீசலை மிச்சப்படுத்த என்ஜினை அணைத்துவிட்டு இறங்கும் பழக்கத்தைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். என்ஜின் நின்றதும் பவர் உதவியும் நின்று ஸ்டியரிங் பாறைபோல் கனக்கும். சாவியை உருவினால் பல எஸ்.யூ.வி.களில் ஸ்டியரிங் பூட்டே விழுந்துவிடும்.

உதிரிபாகத்தின் தரம் பற்றி ஒரு வார்த்தை. சென்னையிலேயே பல பத்தாண்டுகளாக ஸ்டியரிங் பாகங்களும் லிங்கேஜ்களும் தயாராகி நாடு முழுவதும் போகின்றன. அப்படிப்பட்ட மாநிலத்தில், பெயர் அச்சிட்ட போலி அட்டைப்பெட்டியில் வரும் டை ராட் எண்டு தாராளமாக விற்பனையாகிறது. அதன் ரப்பர் உறை ஒரு மழைக்காலம்கூடத் தாங்குவதில்லை. இதனினும் கொடியது, வளைந்த டிராப் ஆர்மையும் ஸ்டியரிங் ஆர்மையும் காஸ் வெல்டிங் நெருப்பில் காய்ச்சி நிமிர்த்துவதும், விரிசல் கண்ட இடத்தில் வெல்டிங் வைப்பதுமாகும். அவை வெப்பப் பக்குவம் செய்யப்பட்ட உருக்குப் பாகங்கள்; பட்டறையில் மீண்டும் நெருப்புக் காட்டினால் அந்தப் பக்குவம் போய்விடுகிறது. பிறகு எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் ஒரு நாள் ஒடியும். கழற்றிய பழைய காட்டர் பின்னையே (நட்டு கழலாமல் பூட்டும் கம்பி) நிமிர்த்தி மறுபடி போடுவது, அதுவும் இல்லாவிட்டால் கட்டுக்கம்பியைச் செருகுவது போன்ற சிக்கனங்களைக் கண்டால், தொழில் பழகிய எவருக்கும் கோபம்தான் வரும்.

இவ்வளவையும் தடுக்கச் சட்டம் இல்லாமல் இல்லை. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, அதன் 98ஆவது விதியில் இதைத் தெளிவாகவே சொல்கிறது. ஸ்டியரிங் சக்கரத்தில் 30 டிகிரிக்கு மேல் வெற்றாட்டம் (முன் சக்கரம் திரும்பாமல் ஸ்டியரிங் மட்டும் ஆடுவது) இருக்கக் கூடாது. பந்துமூட்டுகள் ரப்பர் உறையால் மூடப்பட்டிருக்க வேண்டும். போல்ட்டோ பின்னோ கொண்டு இணைத்த இடங்களில் அவை கழலாதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும். அரை மீட்டர் விட்டமுள்ள லாரி ஸ்டியரிங்கின் விளிம்பில் 30 டிகிரி என்பது சுமார் 13 சென்டிமீட்டர். மலைச்சாலை வண்டிக்கு அதுவே தாராளம் என்பது என் கருத்து. அந்தத் தாராளமான அளவையாவது அளந்து பார்க்கிறார்களா என்பதே கேள்வி. எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும் அதன்பின் ஆண்டுதோறும் லாரிகள் எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்றுக்காகச் சோதனைக்குக் காட்டப்படுகின்றன. அதற்கு முன் சேசிஸும் அச்சும் கறுப்புச் சாயம் பூசப்பட்டுப் பளபளக்கின்றன. வெல்டிங் வைத்த இடமும் விரிசலும் அந்தச் சாயத்துக்குள் ஒளிந்துகொள்கின்றன. நல்ல டயரை இரவல் வாங்கி மாட்டிக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுப்பதும் ஊரறிந்த செய்தி. ஒரு நாளில் பல வண்டிகளைப் பார்க்க வேண்டிய ஆய்வாளர், ஸ்டியரிங்கைக் கையால் அசைத்துப் பார்ப்பதற்கு மேல் என்ன செய்ய முடியும் என்பதையும் நியாயமாக எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தானியங்கிச் சோதனை நிலையங்களுக்கான விதிகளை 2021 செப்டம்பரில் மத்திய அரசு வெளியிட்டது நல்ல தொடக்கம். சக்கரங்களை ஒரு தட்டின் மேல் நிறுத்தி, அந்தத் தட்டைப் பக்கவாட்டிலும் முன்பின்னும் அசைத்து, கீழிருந்து விளக்கு வெளிச்சத்தில் மூட்டுகளின் ஆட்டத்தைப் பார்க்கும் கருவி இத்தகைய நிலையங்களுக்கு உரியது. ஆனால் தட்டு அசைந்தாலும், பார்ப்பது மனிதக் கண்தான். முடிவு தேர்ச்சி அல்லது தோல்வி என்ற இரண்டில் ஒன்றாக நின்றுவிட்டால் உரிமையாளருக்கும் ஓட்டுநருக்கும் அதனால் பெரிய பயன் இல்லை. ஸ்டியரிங் சக்கரத்தில் எத்தனை டிகிரி ஆட்டம், எந்தப் பக்கக் கிங் பின்னில் எவ்வளவு, எந்தப் பந்துமூட்டில் உறை கிழிந்திருக்கிறது என்பதை எண்ணால் எழுதித் தகுதிச் சான்றோடு இணைத்துத் தர வேண்டும். சென்ற ஆண்டு 12 டிகிரியாக இருந்தது இந்த ஆண்டு 24 டிகிரி ஆகியிருந்தால், சட்டப்படி தேர்ச்சிதான் என்றாலும் வண்டி எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்பது அந்தத் தாளைப் பார்த்ததும் தெரிந்துவிடும். பட்டறைக்காரரும் டயரை மாற்றிப் போட்டு அனுப்பிவிட முடியாது. விபத்து நேர்ந்தால், ஓட்டுநர் மேல் மட்டும் பழி விழாமல், குறை தெரிந்தும் வண்டியை ஓட்டச் சொன்னவர் யார் என்று கேட்கவும் அது உதவும். பாதுகாப்பற்ற நிலையிலுள்ள வாகனத்தை ஓட்ட விடுவது சட்டத்தின் 190ஆம் பிரிவின்படி உரிமையாளருக்கும் உரிய குற்றம். இருந்தும் வழக்கில் முதலில் நிறுத்தப்படுபவர், "ஸ்டியரிங் சரியில்லை" என்று பலமுறை சொல்லியும் "அட்ஜஸ்ட் பண்ணி ஓட்டு" என்ற பதிலையே கேட்ட ஓட்டுநர்தான்.

எங்கள் தேனி மாவட்டத்துக்கே உரிய ஒரு சிக்கலையும் இங்கே சொல்லியாக வேண்டும். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக கேரளத்தின் இடுக்கி மாவட்ட ஏலக்காய்த் தோட்டங்களுக்கு நாள்தோறும் விடியற்காலையில் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளில் கணிசமானவை பழையவை. அவற்றில் சொந்த உபயோகத்துக்கென்று வெள்ளை போர்டில் பதிவானவையும் ஓடுகின்றன. அவ்வாறு பதிவான வாகனத்துக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. கிடையாது, முதல் 15 ஆண்டுகளுக்குத் தகுதிச் சோதனையே இல்லை, அதன்பிறகு பதிவைப் புதுப்பிக்கும்போது ஐந்து ஆண்டுக்கு ஒரு முறைதான். நெருக்கியடித்து உட்கார்ந்து போகும் பெண்களில் ஒருவருக்கும் அந்த ஜீப்பின் கிங் பின் பேரிங் எப்படி இருக்கிறது என்று தெரிய வழியில்லை. வாடகைக்கு ஓட்டுவதற்கான அனுமதிப் பிரச்சினையைத் தனியாகத் தீர்த்துக்கொள்ளட்டும். அது தீரும்வரை ஸ்டியரிங் காத்திருக்காது. அபராதம் விதிப்பார்கள், வண்டியைப் பிடித்துவைப்பார்கள் என்ற அச்சம் இருக்கும்வரை எந்த ஜீப் ஓட்டுநரும் தானாக முன்வந்து வண்டியைக் காட்டமாட்டார்.

ஆகவே தேனி வட்டாரப் போக்குவரத்து அலுவலகம், ஏலக்காய் அறுவடை தொடங்குவதற்கு முன் ஒவ்வோர் ஆண்டும் போடியிலும் கம்பத்திலும், வழக்குப் பதியாத ஒரு ஸ்டியரிங் சோதனை முகாமை நடத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். விலையுயர்ந்த கருவிகள் இல்லாமலும் இதைச் செய்யலாம். சக்கரங்கள் தரையில் இருக்க, ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் மெல்ல அசைக்க, மற்றவர் அடியில் படுத்து ஒவ்வொரு மூட்டிலும் கைவைத்துப் பார்த்தால் ஆட்டம் எங்கே பிறக்கிறது என்பது விரலுக்குத் தெரியும். பிறகு முன் சக்கரத்தை ஜாக்கியால் தூக்கி, மேலும் கீழும் பிடித்து அசைக்க வேண்டும். பிரேக்கை மிதித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் குறை வீல் பேரிங்கில், மிதித்தும் நிற்காவிட்டால் கிங் பின்னில். கண்ட குறையைத் தாளில் எழுதி ஓட்டுநரிடமே கொடுத்து, சரிசெய்து வர ஒரு மாதத் தவணை தரலாம். இந்த வேலை தெரிந்து ஓய்வுபெற்றவர்கள் எங்கள் ஊரில் பலர் இருக்கிறோம்; துறை அழைத்தால் ஊதியம் எதுவும் இல்லாமல் வரத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பணிமனைத் தொழில்நுட்பப் பணியாளர்,
போடிநாயக்கனூர், தேனி மாவட்டம்.